தண்டட்டியும், சட்டைப் பொத்தானும், மணியோட பின்னங்காலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதுல நான் அவ்வளவு யோக்கியமா தெரிய மாட்டேன். பரவாயில்ல, எழுதிருவோம்.

மொதல்ல சொந்தக் கதை கொஞ்சம். எங்க வீடு தாடிக்கொம்பு தாண்டி, திண்டுக்கல்-கரூர் நாலு வழிச்சாலையிலேர்ந்து கூப்பிடு தூரம். அந்த ரோடு வந்தப்ப ஊரே சந்தோசப்பட்டுச்சு. நானும்தான். பெங்களூர்லேர்ந்து ராத்திரி பஸ் ஏறினா விடியறதுக்குள்ள வீடு. ஆனா அந்த ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தோட்டமுமா இருக்கிற ஒரு நாய்க்கு அது என்னங்கிறதை யாரும் கேக்கல.

2023 டிசம்பர்ல ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு போன். அம்மா. "ஏய்யா, நம்ம மணிய வண்டி அடிச்சுப் போட்டுருச்சுய்யா."

மணி ஜாதி நாய் எல்லாம் கிடையாது. அவன் ஆத்தா பக்கம் கொஞ்சம் கோம்பை ரத்தம் இருக்குன்னு அப்பா சொல்லிக்குவார், நம்புற ஆளுங்க நம்பலாம். நாலு வயசு. உயிருக்கு ஒண்ணும் ஆகல, எலும்பும் உடையல. ஆனா எடது பின்னங்கால்ல, குதிகால் மூட்டுலேர்ந்து பாதம் வரைக்கும் உள்பக்கத் தோல் பூரா தார் ரோட்டுல தேஞ்சு உரிஞ்சு போயிருந்துச்சு. கால் சுத்தளவுல பாதி. வெளிப்பக்கத் தோல் மட்டும் மிச்சம். வண்டியில அடிபடுற நாய்களுக்கு இது ரொம்பச் சாதாரணமா வர்ற காயம்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல கால் மாட்டி இழுபட்டா, தோல் சாக்ஸ் மாதிரி கழண்டுரும்.

மொதல்ல கூட்டிட்டுப் போன இடத்துல (எந்த இடம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்) பாத்த உடனே சொன்னது ஒரே வரி: "காலை எடுத்துடலாம். பத்து பதினைஞ்சு நாள்ல சரியாயிடும்."

அம்மா அழுதுகிட்டே எனக்கு போன் போட்டாங்க. நான் என்ன பண்ணேன்? பொட்டி தட்டுறவன் என்ன பண்ணுவான், கூகுள் பண்ணேன். ஒரு மணி நேரத்துல நான் பாதி டாக்டர் ஆயிட்டேன். தோலை விரிவாக்குற பலூன்னு ஒண்ணு இருக்கு, சிலிக்கான்ல செஞ்சது. காயத்துக்குப் பக்கத்துல நல்ல தோலுக்கு அடியில அதை வச்சுத் தைச்சிட்டு, சில நாளைக்கு ஒருக்கா உப்புத் தண்ணியை ஊசி வழியா ஏத்திக்கிட்டே வந்தா, மேல இருக்கிற தோல் கர்ப்பிணி வயிறு மாதிரி வளரும். அப்புறம் பலூனை எடுத்துட்டு, வளர்ந்த தோலைக் காயத்து மேல இழுத்து மூடிடலாம். படிச்சதும் அடுத்த போன் எங்கப்பாவுக்கு. "காலை எடுக்கக் கூடாது. காசு எவ்ளோ ஆனாலும் பரவாயில்ல, நான் தர்றேன்." வசனம் நல்லாத்தான் இருந்துச்சு.

இந்த இடத்துல ஒரு கொசுவத்தி. எங்க அப்பத்தாவுக்குக் காது தோள் வரைக்கும் தொங்கும். தண்டட்டி போட்ட காது. சின்னப் பிள்ளையில அந்த ஓட்டைக்குள்ள கையை விட்டு விளையாடியிருக்கேன். எங்க பக்கம் அந்தக் காலத்துல பொம்பளைப் பிள்ளைக்குக் காது குத்தி, மொதல்ல பஞ்சுத் திரி, அப்புறம் ஓலைச் சுருள், அப்புறம் ஈயக் குணுக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா எடையைக் கூட்டி 'காது வளர்ப்பாங்க'. கவனிங்க, 'காதை இழுக்குறது'ன்னு யாரும் சொல்லல, 'வளர்க்குறது'ன்னுதான் சொன்னாங்க. இது ரொம்பச் சரியான வார்த்தை. வெறும் ரப்பர் மாதிரி இழுபட்டிருந்தா குணுக்கைக் கழட்டினதும் பழையபடி சுருங்கியிருக்கணும்ல? சுருங்காது. பிற்பாடு ஃபேஷன் மாறி, எத்தனையோ அப்பத்தாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் காதை வெட்டித் தைச்சுக்கிட்டு வந்தாங்க. அதாவது உண்மையிலேயே கூடுதலாத் தோல் உண்டாகி இருந்துச்சு.

மேலை மருத்துவத்துல இதே விஷயம் 1957-லதான் வருது. நியூமன்னு ஒரு டாக்டர், காது அடிபட்டுப் போன ஒருத்தருக்குத் தோலுக்கு அடியில ரப்பர் பலூன் வச்சு ஊதி, அந்தத் தோலை வச்சுக் காதைச் சரி பண்ணினார். (அங்கயும் காதுதான் பாருங்க.) அப்புறம் ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. 1976-ல ரடோவான்ங்கிறவர் சிலிக்கான் பலூனோட வந்தப்புறம்தான் இது பெரிய அளவுல கிளம்புச்சு. தீக்காயம், மார்பகப் புற்றுநோய் அறுவைன்னு இன்னிக்கு மனுசங்களுக்கு இது சர்வ சாதாரணம்.

தோல் ஏன் இப்படி வளருதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இதுக்குள்ள மூணு விஷயம் நடக்குது. கயித்துக் கட்டிலை நெனச்சுக்குங்க. புதுசா பின்னுனப்ப விண்ணுன்னு இருக்கும். ஒரு மாசத்துல நடுவுல தொங்கிடும். யாரும் கயித்தை நீளமாக்கல, ஆள் படுத்த பாரத்துலயே நாரெல்லாம் நேராகி இடைவெளி குறைஞ்சு நீண்டுருச்சு. தோல்லயும் கொலாஜன்னு நார் இருக்கு. சும்மா இருக்கும்போது சுருள் சுருளா இருக்கும். தொடர்ந்து இழுத்துப் பிடிச்சா நேராகி ஒரே திசையில அடுக்கிக்கும், நடுவுல இருக்கிற தண்ணி பிதுங்கி வெளிய போகும். இது நிமிஷம், மணிக்கணக்குல நடக்கிற வேலை. ரெண்டாவது, ஒரே நீளத்துக்கு இழுத்துக் கட்டி விட்டுட்டா, கொஞ்ச நேரத்துல அந்த இழுவிசை தானா குறையும். காலைல இழுத்துக் கட்டுன தையல் சாயங்காலம் தளர்ந்து நிக்கும். மூணாவதுதான் நிஜமான 'வளர்ப்பு'. இழுவை நாள்கணக்குல, வாரக்கணக்குல நீடிச்சா செல்லு பிரிஞ்சு புதுசா உண்டாகும். அப்பத்தா காது மூணாவது வகை. மொத ரெண்டு வகைதான் மணி கதைக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, கதைக்கு வருவோம். அப்பா விசாரிச்சு இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். அவர் பேரு, ஊரு எதுவும் வேணாம், அவருக்குப் பிடிக்காது. நான் வீடியோ கால்ல உக்காந்துகிட்டு பலூன் பத்தி பத்து நிமிஷம் லெக்சர் குடுத்தேன். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?"ன்னார். பெங்களூர்னேன். "இங்க யாரு கட்டு மாத்துவா?"ன்னார்.

நான் பலூனுக்கே திரும்பிப் போனேன். அப்புறம் அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன்.

நாயோட உடம்பை எடுத்துக்கிட்டா, முதுகு, விலா, கழுத்துல தோல் ஏகப்பட்டது லொடலொடன்னு கிடக்கு. பிடரியைப் பிடிச்சுத் தூக்குனா தெரியும். அங்க பெரிய காயம்னாலும் பக்கத்துத் தோலை நகர்த்தி மூடிடலாம். ஆனா முன்னங்கால் முட்டிக்குக் கீழயும் பின்னங்கால் முட்டிக்குக் கீழயும் தோல் எலும்போட ஒட்டுன மாதிரி. மிச்சம்னு ஒண்ணு கிடையாது. அதனாலதான் 'காலை எடு'ங்கிற வார்த்தை இவ்ளோ சீக்கிரம் வாயில வருது. கெட்ட எண்ணத்துல இல்ல.

இன்னொரு விஷயம் ரத்த ஓட்டம். நமக்கு நிறைய இடத்துல தசைக்குள்ளேர்ந்து சின்னச் சின்ன குழாய் நேரா மேல வந்து தோலுக்கு ரத்தம் குடுக்குது. நாய்க்கு அப்படி இல்ல. அதோட தோலுக்கு ரத்தம் குடுக்கிற குழாய்கள் தோலுக்கு இணையா, தோலோட அடிப்பாகத்துலயே வலை மாதிரி ஓடுது. ஈ உக்காந்தா மாடு, நாயெல்லாம் தோலை மட்டும் சிலிர்த்து உதறும் பாருங்க, அதைப் பண்ற மெல்லிசான தசை ஒண்ணு உடம்புல தோலோட ஒட்டி இருக்கு. உடம்புல தோலை நகர்த்தணும்னா டாக்டர் அந்தத் தசைக்கும் கீழ போய்த்தான் விடுவிக்கணும். மேலாக் கீறினா வலை அறுந்து தோல் கறுத்து செத்துரும். காலுக்குக் கீழ அந்தத் தசையே கிடையாது, அதனால இன்னும் ஜாக்கிரதை. இந்தக் குழாய்கள் எங்கெங்க ஓடுதுன்னு படம் போட்டு, அதுக்கேத்த மாதிரி தோல் மடலை வெட்டித் திருப்புற முறையை 1980-கள்ல அமெரிக்காவுல மைக்கேல் பாவ்லெட்டிக்ங்கிறவர் ஒழுங்குபடுத்தினார். இன்னிக்கு உலகம் பூரா கால்நடை அறுவை படிக்கிறவங்க புரட்டுற படப் புத்தகம் அவரோடது.

பலூனுக்கு வருவோம். காலுக்குக் கீழ பலூன் வைக்கவே முடியாதா? முடியும். 1993, 94-ல நாய்களோட கால் கீழ்ப்பகுதியிலேயே பலூன் வச்சு ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்க. ஆனா ஆராய்ச்சிக்கூடம் வேற, தாடிக்கொம்பு வேற. இறுக்கமான தோலுக்கு அடியில எலும்பு மேல பலூனை ஊதினா, தோலுக்குப் போற ரத்தம் நசுங்கலாம், தையல் பிளந்து பலூன் வெளிய வரலாம், சீழ் வைக்கலாம். பலூன் வைக்க ஒரு ஆபரேஷன், எடுத்து மூட இன்னொரு ஆபரேஷன். நடுவுல எத்தனை தடவை ஊசி! இதெல்லாம் போக, ஏற்கனவே திறந்து கிடக்கிற அழுக்குக் காயத்துக்குப் பக்கத்துல வெளிப்பொருளைக் கொண்டு போய் வைக்கிறதே தப்பு.

"அப்ப வேற வழி?"ன்னேன்.

"சட்டைப் பொத்தான் இருக்கா?"ன்னார்.

விளையாட்டுக்குச் சொல்றார்னு நெனச்சேன். இல்ல. மொத ரெண்டு வாரம் காயத்தைச் சுத்தம் பண்ணி, செத்த சதையை எடுத்து, தினம் கட்டு மாத்தி, அடியில சிவப்பா மணி மணியா புதுச் சதை வர வச்சார். அதுக்கப்புறம் மயக்கம் குடுத்து, காயத்தோட ரெண்டு ஓரத்துத் தோலுக்குள்ளயும் மாத்தி மாத்தி ஒரே நைலான் இழையை, ஷூ லேஸ் கோக்குற மாதிரி ஓட்டினார். இழையோட முனை தோலுக்கு வெளிய. அதுல ஒரு பொத்தான், பொத்தானுக்கு மேல பிளவு போட்ட சின்ன ஈயக்குண்டு, தூண்டில்ல கட்டுவாங்களே அது. அவ்ளோதான் கருவி. தினம் ஒரு தடவை இழையை மெதுவா இழுத்து, புது ஈயக்குண்டை நசுக்கிப் பூட்டணும். நேத்து இறுக்குனது இன்னிக்குத் தளர்ந்திருக்கும், அதனால இன்னும் ஒரு ரெண்டு மில்லிமீட்டர் வரும். நாளைக்கு இன்னும் கொஞ்சம். கயித்துக் கட்டிலுக்குக் கால்மாட்டுல கயித்தை இழுத்துக் கட்டுறோம்ல, அச்சு அசல் அதேதான். அப்பத்தாவோட ஈயக் குணுக்கும் நெனப்புக்கு வந்துச்சு எனக்கு.

இது அவர் கண்டுபிடிச்சது இல்ல. அலபாமாவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்துல ஸ்டீவன் ஸ்வேய்ம்னு ஒரு கால்நடை அறுவை நிபுணரும் அவர் கூட்டாளிகளும் 1990-கள்லயே நாய்க்கால் காயங்களுக்காக எழுதி வச்ச முறை. இதே குடும்பத்துல இன்னும் நிறைய இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தின நாளே நல்ல தோலைத் தையல் போட்டு மடிச்சு வச்சுட்டா, மறுநாள் அது தளர்ந்து கூடுதலா வரும். காயத்தை ஒட்டின தோல்ல வரிசையா குட்டிக் குட்டி கீறல் போட்டா வலை மாதிரி விரியும், கீறல் தானா ஆறிடும். பாவ்லெட்டிக் 2000-ல இன்னொண்ணு எழுதினார். காயத்துக்கு ரெண்டு பக்கமும் தோல்ல ஒட்டுற பட்டை, அதுக்குக் குறுக்க எலாஸ்டிக் கயிறு. பட்டை எதுன்னு கேட்டா, நம்ம ஸ்கூல் பேக்ல, செருப்புல 'பர்ர்ர்'ருன்னு பிரிக்கிறோமே அந்த வெல்க்ரோ! ஆறு எட்டு மணிக்கு ஒரு தடவை இறுக்கிக்கிட்டே வந்தா மூணு நாலு நாள்ல ஆபரேஷனே இல்லாம தோல் நகரும். முதுகு, விலாவுக்கு பிரமாதம். காலுக்கு அவ்வளவா ஆகாது, இழுக்க அங்க தோல் வேணும்ல.

எல்லாத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிடணும். கால் சுத்தளவு முழுக்க தோல் போயிட்டா இழுத்து மூடுற பேச்சே கிடையாது. அப்படி இழுத்தா அது கழுத்துல சுருக்கு மாதிரி காலை நெரிச்சுடும், பாதம் வீங்கி ஜில்லுன்னு ஆகி, இருக்கிறதும் போயிடும். அந்த மாதிரி காயத்துக்கு உடம்புலேர்ந்து தோலை எடுத்து, அதுல வலை மாதிரி கீறல் போட்டு ஒட்டுறதுதான் வழி. மணிக்கு வெளிப்பக்கத் தோல் மிச்சம் இருந்ததால பொத்தான் போதும்னு ஆச்சு.

திண்டுக்கல்காரனுக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசில்லன்னு கூட சொல்லலாம். பேகம்பூர் பக்கம் தோல் ஷாப்புல (எங்க ஊர்ல தோல் பதனிடுற தொழிற்சாலைக்கு அதான் பேரு) வேலை பார்த்த ஒரு மாமா எங்க தெருவுல இருக்கார். முதுகுத் தோல் இழுத்தா வராது, வயித்துத் தோல் எந்தப் பக்கமும் வரும்னு அவர் கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவியே சொல்லுவார். நான் படிச்ச கட்டுரையில இதுக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தாங்க :-)

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயம். பொத்தான் எங்கப்பாவோட பழைய சட்டையோடது. ஈயக்குண்டு, நைலான் இழை, மயக்க மருந்து, டாக்டர் பீஸ் எல்லாம் சேர்த்தும், நான் வீடியோ கால்ல வீரவசனம் பேசுன 'எவ்ளோ ஆனாலும்'ல கால்வாசி கூட வரல. ஆனா நாப்பத்தி மூணு நாள் கட்டு மாத்துனாங்க. யாரு? எங்கம்மா.

அது என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு வாரக்கடைசி ஊருக்குப் போய் பார்த்தேன், அவ்ளோதான். அப்பா மணியோட தலையை மடியில வச்சுப் பிடிச்சுக்குவார், அவருக்கு முதுகு வலி வேற. கடிக்காம இருக்க பெயிண்ட் வாளியோட அடியை வெட்டி கழுத்துல மாட்டி இருந்துச்சு. அம்மா பழைய கட்டை உப்புத் தண்ணி ஊத்தி ஊத்திப் பிரிப்பாங்க, அப்புறம் துணி, பஞ்சு, மேல பிளாஸ்திரி. கட்டும்போது நடு ரெண்டு விரல் மட்டும் வெளிய தெரியுற மாதிரி விடணும். அந்த ரெண்டு நகமும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிச்சுன்னா உள்ள வீங்குதுன்னு அர்த்தம், உடனே கட்டைத் தளர்த்தணும். அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு டார்ச் அடிச்சு அந்த ரெண்டு நகத்தைப் பார்ப்பாங்களாம். தினம் பொத்தானை இறுக்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், ஒரு வாரம். பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ ஓட்டுறதால தப்பிச்சோம்.

ஆறாவது நாள் வலி தாங்காம மணி அம்மா கையைக் கவ்விட்டான். மணிக்கு ஊசி எல்லாம் போட்டிருந்துச்சு, இருந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் அவங்களும் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டாங்க. நாலு ஊசி, நாலு தடவை போகணும். (இதுல யோசனையே வேணாம் மக்களே, வளர்த்த நாய்தானேன்னு விட்டுறாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா ஊசிக்குப் போயிடுங்க.) ஒட்டன்சத்திரத்துல தாய்மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா போகல. அதுக்கு அவங்க பேச்சு வாங்குனது தனிக்கதை. "நாய்க்கு வைத்தியம் பாக்குறாளாம்"னு இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க.

அதாவது, காலைக் காப்பாத்தணும்னு முடிவெடுத்தது நான். அதுக்கான விலையைக் குடுத்தது அம்மா. பெங்களூர்லேர்ந்து என்னால அனுப்ப முடிஞ்சது காசு மட்டும்தான், அந்த வைத்தியத்துக்குத் தேவைப்படாத ஒரே பொருளும் அதான்.

அதனால, 'காலை எடுத்துடலாம்'னு சொன்ன மொத ஆள் மேல இருந்த கோபம் எனக்குப் பாதி போயிருச்சு. மூணு கால்ல நாய் பிரமாதமா ஓடும், பெரும்பாலும் சில வாரத்துலயே பழகிக்கும். நாய்க்கு 'ஊனம்'ங்கிற கவலையெல்லாம் கிடையாது, அது நம்ம தலைக்குள்ள இருக்கிறது. பெருத்த நாய், மத்த காலும் மூட்டு தேஞ்ச வயசான நாய்னா மட்டும்தான் ரொம்பச் சிரமம். வீட்ல ஆளே இல்லாதவங்க, ரெண்டு பேரும் காட்டு வேலைக்குப் போறவங்க காலை எடுக்கச் சொன்னா அது பாவம் இல்ல. புழு வச்சு நாறிச் சாகுறதை விட ஆயிரம் மடங்கு மேல்.

மீதிப் பாதி கோபம் இன்னும் இருக்கு. ஏன்னா அங்க எங்கம்மாகிட்ட யாரும் கேக்கவே இல்ல. "ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு காலை எடுக்கிறது, பத்து பதினைஞ்சு நாள். இன்னொண்ணு காலை வச்சுக்கிறது, நாப்பது அம்பது நாள், தினம் கட்டு, நடுவுல சொதப்பினாலும் சொதப்பும், அப்ப காலை எடுக்கத்தான் வேணும். எது முடியும் உங்களால?" இவ்ளோதான், முப்பது செகண்ட் பேச்சு. சொல்லாததுக்குக் காரணம் தெரியாமை இல்லன்னு நெனக்கிறேன். சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி 1903-லேர்ந்து இருக்கு. நாமக்கல் கல்லூரி 1985-ல வந்துச்சு, எங்க ஊர்லேர்ந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். 1989-ல கால்நடைக்குன்னே தனிப் பல்கலைக்கழகம் வச்ச மாநிலம் இது. 2020-ல தேனியில கூட கல்லூரி வந்துருச்சு. தோல் மடல், தோல் ஒட்டு எல்லாம் தெரிஞ்சவங்கதான் வெளிய வர்றாங்க. ஆனா 'இவங்க எங்க கட்டு மாத்தப் போறாங்க'ன்னு டாக்டரே நம்ம சார்பா முடிவு பண்ணிடுறார். பத்துக்கு எட்டு பேர் மூணாவது நாளே வராம எஸ்கேப் ஆனதைப் பார்த்த ஆளா இருந்தா, நானும் அப்படித்தான் பண்ணுவேனோ என்னமோ. அப்படியிருந்தாலும் கேக்கணும்.

"மனுசனுக்கே ஆஸ்பத்திரியில பெட் இல்ல, நாய்க்குப் பிளாஸ்டிக் சர்ஜரியா?" ஆபீஸ்ல ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான், சிரிச்சு மழுப்ப விரும்பல. பதில் ரெண்டு. ஒண்ணு, இதுல மனுசனோட பெட் எதையும் நாய் எடுத்துக்கல, ஒரு சட்டைப் பொத்தானைத்தான் எடுத்துச்சு. இதே கை நாளைக்கு ஒரு ஆட்டுக்கும் கன்னுக்குட்டிக்கும் தைக்கும். ரெண்டாவது கொஞ்சம் நெருடலான பதில். காலை நீட்டுற வைத்தியம் கேள்விப்பட்டிருப்பீங்க, எலும்பை வெட்டி, வெளிய வளையம் மாட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இழுத்து வளர்க்கிறது. சைபீரியாவுல இலிசாரோவ் கண்டுபிடிச்சது. அந்த ஒரு மில்லிமீட்டர்தான் சரியான அளவுன்னு அவர் உறுதி பண்ணது நாய்க்கால்கள்ல. நான் மேல சொன்ன பலூன் ஆராய்ச்சியும் நல்லா இருந்த நாய்களோட கால்லதான். எலும்பும் தோலும் எப்படி வளருதுன்னு நமக்குத் தெரிஞ்சதுல ஒரு பங்கு நாய்கள் குடுத்தது, அதுங்களைக் கேக்காம வாங்குனது. அதுல ஒரு பொத்தான் அளவு திருப்பிக் குடுத்தா என்ன குறைஞ்சிரும்னு நான் கேட்டேன். அண்ணன் டீயைக் குடிச்சுட்டு போயிட்டார். ஒத்துக்கிட்டாரா இல்லையான்னு தெரியல.

உண்மையிலேயே ஏதாவது மாறணும்னா, பலூன் வாங்குறதுல இல்ல, கட்டு மாத்துறதுல மாறணும். 1962-க்கு போன் பண்ணா கால்நடை ஆம்புலன்ஸ் வருது, நல்ல விஷயம். ஊர் ஊருக்கு கால்நடை மருந்தகம் இருக்கு, மாட்டுக்கு சினை ஊசி போட காலைல கூட்டம் நிக்குது. அதுலயே வாரத்துல மூணு நாள், ஒரு மணி நேரம், கட்டு மாத்த மட்டும்னு ஒதுக்கினா? டாக்டரே வேணும்னு இல்ல, பழகின உதவியாளர் போதும். பத்து வீட்டுக்காரங்களுக்கு அங்கேயே கட்டுப் போடச் சொல்லிக் குடுத்தா அவங்க அடுத்த பத்து பேருக்குச் சொல்லிக் குடுப்பாங்க. எங்கம்மா இப்ப எங்க தெருவுல அதைத்தான் பண்றாங்க. ஆட்டுக்குக் கால்ல முள்ளுக் கிழிச்சா எங்க வீட்டுக்குத்தான் வர்றாங்க. வந்ததும் மொதல்ல "எண்ணெய் கிண்ணெய் எதுவும் ஊத்துனியா?"ன்னு ஒரு அதட்டல். வண்டி எஞ்சின் ஆயிலைப் புண்ணுல ஊத்துறது எங்க பக்கம் பெரிய வியாதி. வலிக்குதேன்னு நாம சாப்பிடுற வலி மாத்திரையைக் குடுக்கிறது இன்னொண்ணு. அதையும் பண்ணாதீங்க, புரூஃபன் மாதிரி மாத்திரை நாய்க்கு விஷம்.

மணிக்கு முக்கால்வாசி காயம் பொத்தான் தையல்ல மூடுச்சு. மிச்சம் தானா ஆறி, குதிகால் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிசா முடி முளைக்காத வழவழப்பான ஒரு இடம் இருக்கு. குளிர் காலத்துல அது வெடிக்கும், அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாங்க. லேசா நொண்டுவான், ரோட்டைப் பார்த்தா மட்டும் நிக்கிறான். அதைத் தாண்டித் தோட்டத்துக்குப் போறதை விட்டுட்டான்.

போன பொங்கலுக்குப் போனப்ப அதே ரோட்டுல இன்னொரு நாய், யாரோடதும் இல்ல, அதே மாதிரி பின்னங்கால். அம்மா பார்த்தாங்க, நானும் பார்த்தேன். "நீ எத்தனை நாள் லீவு?"ன்னு கேட்டாங்க. நாலு நாள்னேன். ஒண்ணும் சொல்லாம உள்ள போய் 1962-க்கு போன் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன், வந்தாங்க, சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டாங்க. அடுத்த கட்டு யாரு மாத்துறதுன்னு கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரியே ரிட்டர்ன் டிக்கெட் போட வேண்டிய வேலை வந்திருந்துச்சு.

அந்த நாய்க்கு இப்ப மூணு கால். அம்மாதான் சோறு வைக்கிறாங்க.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் வீட்டுல பொத்தான், நூலோட உக்காந்துறாதீங்க சாமி. அது மயக்கம் குடுத்து டாக்டர் பண்ற வேலை. நம்ம வேலை அந்த ரெண்டு நகத்தைப் பார்க்கிறது.